மேற்கோள் காட்டும் முன்: திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை இனங்கண்டு கையாளும் முறை

ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகர மருத்துவமனையில் மயக்கவியல் துறைத் தலைவராக இருந்த யோவாக்கிம் போல்ட், அறுவை சிகிச்சையின்போது இரத்தக் கொள்ளளவை ஈடுகட்டச் சிரை வழியாகச் செலுத்தப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்னும் திரவத்தைப் பற்றி ஏராளமான கட்டுரைகளை எழுதியவர். 2009-இல் வெளியான அவருடைய கட்டுரை ஒன்றின் எண்கள் இயற்கைக்கு மாறான ஒழுங்குடன் இருப்பதாக வாசகர்கள் ஐயம் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டு அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அதாவது அதை இனி நம்பத்தக்கதாகக் கொள்ள வேண்டாம் என்று இதழ் அறிவித்தது. தொடர்ந்து நடந்த விசாரணைகளின் விளைவாக இன்றுவரை அவருடைய 200-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டுள்ளன. 2013-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான, பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் தொகுப்பாய்வு ஒன்று, அவருடைய 7 ஆய்வுகளை விலக்கிவிட்டு எஞ்சியவற்றைக் கணக்கிட்டபோது, அத்திரவம் கவலைக்கிடமான நோயாளிகளின் இறப்பு அபாயத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டுகிறது என்பது தெரியவந்தது. அதாவது, அந்த 7 ஆய்வுகளும் கணக்கில் இருந்தவரை அத்திரவத்தின் தீமை மங்கலாகவே தெரிந்தது.

ஆய்வு மோசடியை ஆய்வாளர்களுக்கு இடையேயான ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர் அதன் முடிவைத் தம் முடிவோடு சேர்த்துக்கொள்கிறார். ஆகவே அக்கட்டுரை இன்றும் செல்லுபடியாகிறதா என்று பார்ப்பது அவருடைய பொறுப்பு. முனைவர் பட்ட ஆய்வாளர்கள், மருத்துவ மாணவர்கள், அறிவியல் செய்தி எழுதுவோர் ஆகியோரை மனத்தில் கொண்டு, அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் வழிகளை இங்கே விளக்குகிறேன். இதற்குப் பணம் கட்டிப் பெறும் மென்பொருள் எதுவும் தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது: கட்டுரையின் இன்றைய நிலை

நம்மில் பலரும் செய்வது, யாரோ வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பிய பிடிஎஃப் கோப்பைத் திறந்து படித்து, அதிலிருந்தே மேற்கோள் விவரத்தை எடுத்துக்கொள்வது. இங்குதான் பெரும்பாலான பிழைகள் தொடங்குகின்றன. பதிப்பகம் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறும்போது தன் தளத்தில் உள்ள பக்கத்தின் தலைப்பை மாற்றுகிறது, அங்குள்ள பிடிஎஃப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு எழுத்தில் முத்திரை இடுகிறது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் கணினியில் சேமித்த கோப்பில் எந்த மாற்றமும் நிகழாது. ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் போன்ற தளங்களிலும் பல்கலைக்கழகக் களஞ்சியங்களிலும் உள்ள படிகளும் பழைய நிலையிலேயே இருக்கக்கூடும். கூகுள் ஸ்காலர் தேடல் முடிவுகளிலும் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் ஒழுங்காக அடையாளமிடப்படுவதில்லை. எனவே ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணைக் கொண்டு பதிப்பகத்தின் மூலப் பக்கத்துக்கே சென்று பாருங்கள். அந்தப் பக்கத்திலோ கோப்பின் முதல் பக்கத்திலோ கிராஸ்மார்க் என்னும் சிறு பொத்தான் இருந்தால் அதைச் சொடுக்குங்கள். பழைய கோப்பில் உள்ள பொத்தானும் இணையத்தில் இருக்கும் இன்றைய பதிவையே திறக்கும் என்பதால் அது மிகவும் பயனுள்ளது.

அடுத்தது ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம். மருத்துவ இதழாளர்களான ஐவன் ஒரான்ஸ்கியும் ஆடம் மார்கஸும் 2010-இல் தொடங்கிய இம்முயற்சி, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தது. 2018-இல் அத்தொகுப்பு பொதுத் தரவுத்தளமாக வெளியிடப்பட்டது. 2023 செப்டம்பரில், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் நிறுவனம் அதை வாங்கி, எவரும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளும்படி திறந்துவிட்டது. ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், நாடு, டிஓஐ ஆகிய எதைக் கொண்டும் அதில் தேடலாம். திரும்பப் பெற்றதற்கான காரணங்களும் வகைப்படுத்தித் தரப்பட்டிருப்பது இதன் தனிச் சிறப்பு. பதிப்பகங்கள் மழுப்பலாக எழுதிய அறிவிப்புகளுக்கும் இங்கே காரணம் தேடிக் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். உயிரியல், மருத்துவம் சார்ந்தவர்கள் அத்துறைக் கட்டுரைகளின் இணையத் தேடுதளமான பப்மெட்டிலும் பார்க்க வேண்டும். அங்கே திரும்பப் பெறப்பட்ட கட்டுரையின் தலைப்புக்கு மேலே எச்சரிக்கைப் பட்டை தோன்றும், அறிவிப்புக்கான இணைப்பும் அருகிலேயே இருக்கும்.

நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் கொண்ட ஆய்வேட்டில் ஒவ்வொன்றையும் கையால் தேடுவது இயலாத செயல் என்று நினைக்கலாம். ஸோட்டேரோ என்னும் இலவச மேற்கோள் மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்தினால் அந்தக் கவலை பெருமளவு தீரும். 2019 முதல் அது ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுகளோடு உங்கள் சேமிப்பைத் தானாகவே ஒப்பிட்டு, சிக்கலுக்குரிய பதிவின்மேல் சிவப்புப் பட்டை காட்டுகிறது. ஏற்கெனவே சேமித்த கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டாலும் எச்சரிக்கிறது. ஆனால் இந்த ஒப்பீடு டிஓஐ அல்லது பப்மெட் எண்ணை வைத்தே நடக்கிறது. தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் மட்டும் தட்டச்சு செய்து வைத்த பதிவுகளை அது கவனிக்க வாய்ப்பில்லை. ஆகவே பதிவுகளில் எண்களை நிரப்புவதற்கு ஒரு நாள் செலவிடுங்கள். அந்த உழைப்பு வீண்போகாது.

இந்தச் சரிபார்ப்பை இரண்டு முறை செய்ய வேண்டும். கட்டுரையைச் சேமிக்கும்போது ஒரு முறை, கைப்பிரதியை அனுப்புவதற்கு முந்தைய வாரத்தில் மறுமுறை. ஒரு கட்டுரை வெளியாவதற்கும் திரும்பப் பெறப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிவது இயல்பு. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை லான்செட் இதழ் 1998-இல் வெளியிட்டது. 12 குழந்தைகளை மட்டும் பார்த்து, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருப்பதாகக் கருதவைத்த கட்டுரை அது. 2004-இல் இணை ஆசிரியர்களில் 10 பேர் அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். முழுக் கட்டுரையும் 2010 பிப்ரவரியில்தான் திரும்பப் பெறப்பட்டது. ஆல்சைமர் நோயில் குறிப்பிட்ட அமிலாய்டு புரத வடிவத்தின் பங்கைப் பற்றி நேச்சர் இதழ் 2006-இல் வெளியிட்டு, உலகெங்கும் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 2024 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் சேர்த்த பட்டியலை ஐந்தாம் ஆண்டில் அப்படியே நம்பக் கூடாது என்பதற்கு இவை போதும்.

அறிவிப்பைப் படிப்பது எப்படி

கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருப்பது தெரிந்தவுடன் பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். அறிவிப்பையும் முழுமையாகப் படிக்க வேண்டும். பதிப்பு அறக் குழு எனத் தமிழில் சொல்லத்தக்க கோப் அமைப்பின் வழிகாட்டுதல்படி, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறவர் யார், காரணம் என்ன என்ற இரண்டையும் அறிவிப்பு தெளிவாகச் சொல்ல வேண்டும்; அது எல்லோரும் கட்டணமின்றிப் படிக்கும்படி இருக்க வேண்டும். நடைமுறையில் “ஆசிரியர்களின் வேண்டுகோளின்படி திரும்பப் பெறப்படுகிறது” என்ற ஒற்றை வரியோடு முடியும் அறிவிப்புகள் இன்னும் உண்டு. அவ்வாறு எழுதப்படும் அறிவிப்பு, நேர்மையாகப் பிழையை ஒப்புக்கொண்டவரையும் தரவைப் புனைந்தவரையும் ஒரே நிழலில் நிறுத்திவிடுகிறது. இதழ்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் மிகவும் கண்டிக்கத்தக்கதாகக் கருதுகிறேன்.

காரணத்தைத் தேடுவது ஏன் முக்கியம்? ஃபெர்ரிக் ஃபாங், கிராண்ட் ஸ்டீன், ஆர்ட்டுரோ காசடெவால் ஆகியோர் பப்மெட்டில் இருந்த 2,047 திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, 67.4 விழுக்காடு முறைகேட்டினாலும் 21.3 விழுக்காடு பிழையினாலும் திரும்பப் பெறப்பட்டவை. இதழ்களின் அறிவிப்பை மட்டும் பார்த்தால் பிழை என்று தோன்றிய பல கட்டுரைகள், விசாரணை அறிக்கைகளையும் சேர்த்துப் பார்த்தபோது முறைகேடு என்று தெரியவந்தன. ஆகவே ஒரே ஆசிரியரின் வேறு கட்டுரைகளை நீங்கள் மேற்கோள் காட்டியிருந்தால், காரணம் தரவுப் புனைவா அல்லது தற்செயல் பிழையா என்பதைப் பொறுத்து உங்கள் அடுத்த நடவடிக்கை மாறும். தரவைப் புனைந்தவரின் எஞ்சிய கட்டுரைகள் அனைத்தையும் ஐயத்தோடு பார்க்க வேண்டியிருக்கும். கணக்குப் பிழைக்காகத் தாமே முன்வந்து திரும்பப் பெற்றவரின் மற்றக் கட்டுரைகள்மீதான நம்பிக்கை, என் பார்வையில், கூடத்தான் வேண்டும்.

திரும்பப் பெறலுக்குக் கீழான நிலைகளும் உண்டு. திருத்த அறிவிப்பு என்றால், குறிப்பிட்ட பிழை சரிசெய்யப்பட்டது, முடிவு நிலைக்கிறது என்று பொருள். திருத்தப்பட்ட எண்ணையே மேற்கோள் காட்ட வேண்டும். விசாரணை முடியாத நிலையில் வாசகர்களை எச்சரிக்க இதழாசிரியர் வெளியிடும் கவலைக் குறிப்பு மற்றொன்று. இத்தகைய குறிப்பு உள்ள கட்டுரையின்மீது உங்கள் வாதத்தின் முக்கியத் தூணை நிறுத்தாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், கவலைக் குறிப்பு நிலுவையில் இருப்பதை வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மொத்தமாகத் திரும்பப் பெறப்படும் கட்டுரைகளின் அறிவிப்புகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2023-இல் உலகில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் 10,000-ஐத் தாண்டின. அவற்றில் 8,000-க்கும் மேற்பட்டவை வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தைச் சேர்ந்தவை. விருந்தினர் ஆசிரியர்களைக் கொண்டு நடத்தப்பட்ட சிறப்பிதழ்களில், காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள் நுழைந்து, வெளியிடும் முன் துறை வல்லுநர்கள் செய்யும் மதிப்பாய்வையே தம் கைக்குள் கொண்டுவந்ததே காரணம். இத்தகைய அறிவிப்புகள் ஒரே வாசகத்தில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஆசிரியரும் குற்றவாளி என்று அவை சொல்வதில்லை. ஆயினும் மதிப்பாய்வு நம்பத்தகாதது என்று பதிப்பகமே அறிவித்த கட்டுரையைச் சான்றாகக் காட்ட இயலாது.

அறிவிப்பு இல்லாத கட்டுரையை எப்படிச் சோதிப்பது

சிக்கலுள்ள கட்டுரைகளில் ஒரு பகுதி மட்டுமே திரும்பப் பெறப்படுகிறது. எலிசபெத் பிக், காசடெவால், ஃபாங் ஆகிய மூவரும் 40 இதழ்களில் வந்த 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில் ஒரே படம் தகாத முறையில் மீண்டும் பயன்படுத்தப்பட்டிருந்தது. அவற்றுள் குறைந்தது பாதியில், வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறிகள் இருந்தன. ஆகவே அறிவிப்பு இல்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஆய்வுக்கு அடித்தளமாக அமையும் ஐந்தாறு கட்டுரைகளையாவது நீங்களே சோதியுங்கள்.

தரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 2020 மே 22 அன்று லான்செட் வெளியிட்ட கட்டுரை, 671 மருத்துவமனைகளைச் சேர்ந்த 96,032 கோவிட் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. சில நாட்களிலேயே உலக நலவாழ்வு நிறுவனம் தன் கோவிட் மருந்துச் சோதனையில் அம்மருந்துப் பிரிவை நிறுத்திவைத்தது. அக்கட்டுரையின்படி ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவின் ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்திருந்தார்கள். ஆனால் அந்நாள்வரை ஆஸ்திரேலியா முழுவதிலும் பதிவான இறப்புகளே 67. பொதுவெளியில் எவருக்கும் கிடைக்கும் எண் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்ததே அந்தக் கட்டுரையின் சரிவைத் தொடங்கிவைத்தது. தரவை வைத்திருந்த சர்ஜிஸ்ஃபியர் என்னும் சிறு நிறுவனம் அதைத் தற்சார்பான தணிக்கைக்குத் தர மறுத்ததால், நால்வரில் மூன்று ஆசிரியர்கள் ஜூன் 4 அன்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே நிறுவனத்தின் தரவைப் பயன்படுத்திய மற்றொரு கட்டுரையை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் அதே நாளில் திரும்பப் பெற்றது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினால் மருத்துவமனை நோயாளிகளுக்குப் பயனில்லை என்பதைப் பின்னர் பெரிய சோதனைகள் முறையாக நிறுவின என்றாலும், அது அக்கட்டுரைக்கு மன்னிப்பாகாது. சரியான விடையைப் பொய்யான கணக்கின் வழியே சொன்னவரை நம்பி எந்த மருத்துவரும் மருந்தை நிறுத்தவோ கொடுக்கவோ கூடாது.

இந்த நிகழ்விலிருந்து சில கேள்விகளை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம். தரவை எழுத்தாளர்களில் எத்தனை பேர் நேரில் பார்த்தார்கள்? எந்த அறநெறிக் குழு அனுமதி அளித்தது? மூலத் தரவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? மருத்துவச் சோதனையாக இருந்தால் பதிவு எண் என்ன? இந்தியாவில் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007-இல் தொடங்கிய சிடிஆர்ஐ பதிவேட்டை எவரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். கட்டுரையில் கூறப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை, சோதனை தொடங்கிய நாள், முதன்மை அளவீடு ஆகிய மூன்றையும் பதிவேட்டில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். அளவீடு இடையில் மாறியிருந்தாலோ, சோதனை முடிந்த பின்னரே பதிவு செய்யப்பட்டிருந்தாலோ, அதற்கான விளக்கம் கட்டுரையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்களைச் சோதிக்கப் புள்ளியியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் வகுத்த கிரிம் சோதனையைப் பள்ளிக் கணிதம் தெரிந்தவர் செய்துவிடலாம். 23 பேரிடம் 1 முதல் 7 வரை முழு எண்களில் மதிப்பெண் கேட்டதாகவும், சராசரி 3.41 என்றும் ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். மொத்தம் 78 என்றால் சராசரி 3.39, மொத்தம் 79 என்றால் 3.43. இடையில் 3.41 வர வழியே இல்லை. இது எழுத்துப் பிழையாக இருக்கலாம், விடை தராதவர்களைக் கழித்த கணக்காகவும் இருக்கலாம். ஆனால் ஒரே கட்டுரையில் இத்தகைய எண்கள் பல இருந்தால் ஆசிரியரிடம் தரவைக் கேட்பதற்கு அதுவே போதிய காரணம். ஆட்களின் எண்ணிக்கை நூறை நெருங்கும்போது இரண்டு பதின்ம இலக்கச் சராசரிக்கு இச்சோதனை பயன்படாது என்பதையும், பின்ன அளவீடுகளுக்கு இது பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்ட குழுக்களைக் கொண்ட சோதனைகளில் முதல் அட்டவணையை நிதானமாகப் பாருங்கள். வயது, எடை, உயரம் போன்றவை குழுக்களுக்கிடையே சிறிது வேறுபடுவதே இயற்கை. ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபூஜியின் 168 சோதனைகளை ஆராய்ந்து ஜான் கார்லைல் 2012-இல் காட்டியது, அந்த வேறுபாடுகளின் பரவல் தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லாத வடிவில் இருந்தது என்பதைத்தான். இயற்பியலிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. பெல் ஆய்வகத்தின் யான் ஹென்ட்ரிக் ஷோன் வெளியிட்ட வரைபடங்களில், வெவ்வேறு சோதனைகளுக்குரிய கோடுகளில் இருந்த தற்செயலான நடுக்கங்கள்கூட ஒன்றுபோலவே இருந்ததை 2002-இல் சக இயற்பியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். உண்மையான அளவீட்டில் இரைச்சல் திரும்ப வராது.

படங்களைப் பொறுத்தவரை, புரதப் பட்டைகளையும் நுண்ணோக்கிப் படங்களையும் திரை முழுவதும் பெரிதாக்கி, ஒளிமாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். ஒரே படம் திருப்பப்பட்டோ, கண்ணாடிப் பிம்பமாக்கப்பட்டோ, வேறு பெயரில் வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். தொடக்கத்தில் கண் பழகாது. வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கருத்திடும் பப்பியர் தளத்தில் மற்றவர்கள் ஏற்கெனவே சுட்டிக்காட்டிய எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகும். 2012 முதல் இயங்கும் அத்தளத்தில் உங்கள் கட்டுரையின் டிஓஐ எண்ணை இட்டுப் பார்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கணினி அறிவியல், பொறியியல் துறையினர் சொற்றொடர்களைக் கவனிக்க வேண்டும். பிறர் எழுதியதைத் திருடி, திருட்டைக் கண்டறியும் மென்பொருளை ஏய்க்க ஒவ்வொரு சொல்லுக்கும் இணைச்சொல் இடும் கருவிகளைப் பயன்படுத்துவோர், கலைச்சொற்களையும் சேர்த்துச் சிதைத்துவிடுகிறார்கள். ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’ ஆகிவிடுகிறது. ‘பிக் டேட்டா’ என்பது ‘கொலாசல் இன்ஃபர்மேஷன்’ ஆகிறது. பிரான்சின் துலூஸ் நகரக் கணினி அறிவியலாளர் கியோம் கபானாக் தம் கூட்டாளிகளோடு 2021-இல் இத்தகைய சொற்றொடர்களைத் தொகுத்து, அவை இருக்கும் கட்டுரைகளைத் தேடும் கருவி ஒன்றையும் பொதுவில் வைத்தார். துறையில் எவரும் சொல்லாத சொற்றொடரை ஒரு கட்டுரையில் கண்டால், ஆசிரியரின் ஆங்கிலம் தடுமாறுகிறது என்று கடந்துபோகாதீர்கள். மொழியில் தடுமாறுகிறவரும் தம் துறையின் அடிப்படைக் கலைச்சொல்லில் தடுமாறுவதில்லை.

மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் இடப்படும் கட்டுரைகளான முன்பதிப்புகளுக்கு இச்சோதனைகள் அனைத்தும் இருமடங்கு தேவை. ஐவர்மெக்டின் கோவிட் இறப்பைப் பெருமளவு குறைப்பதாகச் சொன்ன எகிப்திய முன்பதிப்பு ஒன்று 2021 ஜூலையில் ரிசர்ச் ஸ்கொயர் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த மருத்துவ மாணவர் ஜாக் லாரன்ஸ் அதில் பிறர் எழுத்து நகலெடுக்கப்பட்டிருந்ததையும், தரவுக் கோப்பில் நோயாளிகளின் பதிவுகள் அப்படியே மீண்டும் வந்திருந்ததையும் கண்டறிந்தார். அதற்குள் அந்த முன்பதிப்பு தொகுப்பாய்வுகளில் சேர்க்கப்பட்டு, பல நாடுகளில் மருந்துப் பரிந்துரைகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. ஆகவே ஒரு தொகுப்பாய்வை மேற்கோள் காட்டும்போது, அதன் முடிவுக்கு அதிக எடை தரும் இரண்டு மூன்று மூல ஆய்வுகளின் நிலையையும் தனியாகப் பாருங்கள்.

இதழின் தரத்தைச் சோதிப்பது தனிக் கட்டுரைக்குரிய பொருள். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்கும் ஆய்விதழ்களைக் குறித்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்ட பிறகு, எந்த இதழ் நம்பத்தக்கது என்று தீர்மானிக்கும் பொறுப்பு கல்லூரிகளிடமும் ஆய்வாளர்களிடமும் வந்துவிட்டது. புகழ்பெற்ற இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துவோரும் இருக்கிறார்கள். அத்தகைய இதழ்களின் பட்டியலை ரிட்ராக்‌ஷன் வாட்ச் பொதுவில் வைத்திருக்கிறது. கட்டுரையை அனுப்புவதற்கு முன்னும் மேற்கோள் காட்டுவதற்கு முன்னும் அதைப் பாருங்கள்.

சிக்கலைக் கண்டால் செய்ய வேண்டியது

உங்கள் சோதனையில் ஒரு சிக்கல் தென்பட்டால், முதலில் திரைப் படங்களையும் கணக்கையும் தேதியோடு சேமித்துவைத்து, துறை தெரிந்த ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். பிறகு கட்டுரையின் தொடர்பு ஆசிரியருக்கு மரியாதையான கடிதம் ஒன்றை எழுதலாம். எளிய விளக்கம் இருக்கக்கூடும். விளக்கம் வராவிட்டாலோ, சிக்கல் பெரிதாக இருந்தாலோ, இதழாசிரியருக்கு எழுதுங்கள். “இரண்டாம் படத்தின் மூன்றாம் பட்டையும் நான்காம் படத்தின் முதல் பட்டையும் ஒன்றுபோல் தோன்றுகின்றன, மூலப் படங்களைப் பார்க்க விரும்புகிறேன்” என்று கண்டதை மட்டும் சொல்லுங்கள். மோசடி, திருட்டு போன்ற சொற்களையும் ஆசிரியரின் நோக்கத்தைப் பற்றிய ஊகங்களையும் எழுதாதீர்கள். நோக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் ஆவணங்களும் அவர் பணிபுரியும் நிறுவனத்திடமே உள்ளன. டேட்டா கொலாடா வலைப்பதிவை நடத்தும் மூன்று பேராசிரியர்கள் ஹார்வர்டின் பிரான்செஸ்கா ஜீனோவின் கட்டுரைகளில் தரவு மாற்றப்பட்டதற்கான சான்றுகளை 2023-இல் வெளியிட்டபோது, அவர்கள்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் கண்டதைக் கண்டபடி, சான்றோடு எழுதியிருந்தார்கள்; 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அந்த அவதூறுக் கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்தது.

நெறியாளரைச் சார்ந்திருக்கும் மாணவர், தம் சொந்த ஆய்வகத்தின் கட்டுரையிலேயே சிக்கலைக் காணும் நிலையை நான் இலேசாகப் பேச மாட்டேன். பட்டமும் உதவித்தொகையும் பரிந்துரைக் கடிதமும் ஒரே கையில் இருக்கும்போது துணிச்சலைப் பற்றி அறிவுரை சொல்வது எளிது, செய்வது கடினம். குறைந்தபட்சம், உங்கள் பங்குக்குரிய மூலத் தரவின் படியைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் பார்க்காத தரவைக் கொண்ட கட்டுரையில் உங்கள் பெயரைச் சேர்க்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் ஆய்வு அறநெறிக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பப்பியரில் பெயர் வெளியிடாமல் கருத்திடும் வசதி இருப்பது இத்தகையோருக்காகத்தான்.

பதில் வரத் தாமதமாகும். இதழாசிரியர் ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்டு, பிறகு நிறுவனத்திடம் விசாரணை கோரி, அதன் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால் மாதங்கள் ஓடும், சில வேளைகளில் ஆண்டுகளும் ஓடும். எலிசபெத் பிக் இதழ்களுக்குத் தெரிவித்த கட்டுரைகளில் பெரும்பகுதி ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றமின்றியே இருந்தது. காத்திருக்கும் காலத்தில் அக்கட்டுரையை உங்கள் ஆய்வில் சான்றாகப் பயன்படுத்தாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஏற்கெனவே மேற்கோள் காட்டிவிட்டால்

நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டால், அதை எடுத்துவிட்டால் உங்கள் வாதம் நிற்கிறதா என்று பாருங்கள். முன்னுரையில் பத்தோடு ஒன்றாகச் சுட்டப்பட்டிருந்தால், அடுத்த பதிப்பில் நீக்குவதோடு முடிந்துவிடும். உங்கள் மருந்தளவோ, மாதிரி எண்ணிக்கையோ, கருதுகோளோ அதிலிருந்து பெறப்பட்டிருந்தால், இதழுக்கு எழுதித் திருத்தம் கோர வேண்டும். தொகுப்பாய்வாக இருந்தால் அந்த ஆய்வை நீக்கிக் கணக்கை மீண்டும் செய்ய வேண்டும். ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை என்றால் மாற்றுவது எளிது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்கும் முன் நீங்களே அதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஆய்வு மோசடியின் வரலாற்றை எழுதுவோர் உட்படச் சிலர், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை அறிந்தே மேற்கோள் காட்ட வேண்டியிருக்கும். அப்போது மேற்கோள் பட்டியலில் கட்டுரையின் தலைப்புக்கு முன்னால் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று குறித்து, அறிவிப்பின் ஆண்டையும் டிஓஐ எண்ணையும் சேர்த்துத் தர வேண்டும். 2005-இல் வெளியாகி 2008-இல் திரும்பப் பெறப்பட்ட ஒமேகா-3 சோதனைக் கட்டுரை ஒன்று 11 ஆண்டுகள் கழித்தும் மேற்கோள் காட்டப்பட்டதையும், அவ்வாறு மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை அது திரும்பப் பெறப்பட்டதைக் குறிப்பிடவே இல்லை என்பதையும் ஜோடி ஷ்னைடரின் குழு 2020-இல் காட்டியது. பட்டியலிலிருந்து பட்டியலுக்கு மேற்கோள்களை நகலெடுக்கும் பழக்கமே இதற்கு முதன்மைக் காரணம் என்பது என் எண்ணம். நீங்கள் குறித்துவைக்கும் ஒரு சொல், உங்கள் பட்டியலிலிருந்து நகலெடுப்பவரையாவது தடுக்கும்.

பிழை உங்கள் கட்டுரையிலேயே இருந்தால், முதலில் இணை ஆசிரியர்கள் அனைவருக்கும் எழுத்தில் தெரிவித்து, எந்த முடிவுகள் பாதிக்கப்படுகின்றன என்று கணக்கிட்டு, பிறர் கண்டுபிடிக்கும் முன் இதழாசிரியருக்கு எழுதுங்கள். 2018-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்ட், சயன்ஸ் இதழில் 2019-இல் வந்த தம் குழுவின் கட்டுரையை 2020 ஜனவரியில் திரும்பப் பெற்றார். முடிவுகள் மீண்டும் கிடைக்கவில்லை, ஆய்வகக் குறிப்பேட்டில் சில சோதனைகளுக்கான பதிவுகளும் மூலத் தரவும் இல்லை என்று காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார். மத்தியதரைக்கடல் உணவுமுறையையும் இதய நோயையும் பற்றிய ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வில் சிலர் சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்படவில்லை என்பது தெரிந்தபோது, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2018-இல் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்று, மறுகணக்கிட்ட கட்டுரையை அதே நாளில் வெளியிட்டது. திருத்தம் போதுமா, திரும்பப் பெற வேண்டுமா, புதிய பதிப்பால் மாற்றலாமா என்பதை இதழாசிரியர் முடிவு செய்வார். அறிவிப்பின் வரைவை உங்களிடம் கேட்டால், எந்த அட்டவணையில் என்ன தவறு, அது எப்படி நேர்ந்தது, எந்த முடிவு இனிச் செல்லாது, எந்தத் தரவு இன்னும் பயன்படும் என்ற நான்கையும் பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் தங்கள் பக்கத்தைச் சரிசெய்ய அவர்களுக்குத் தேவைப்படுபவை அவைதான்.